எஞ்சினுக்குள் போன மடுத் தீர்த்தம்

போன வருசம் ஆடி மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம். ஒஸ்லோவில் குரோருட் பக்கமுள்ள ஒரு தேவாலயத்தின் கார் நிறுத்துமிடம். தமிழ்ப் பூசை முடிந்து, சனமெல்லாம் வெளியே நின்று ஒரு கையில் தேத்தண்ணியும் மறுகையில் கட்லட்டுமாகக் கதைத்துக்கொண்டிருந்த நேரம். அத்தனை பேருக்கும் முன்னால் நான் என் அம்மாவைப் பார்த்து ஒரு வசனம் சொன்னேன். அந்த வசனத்துக்கும், என் காரின் எஞ்சினுக்கும், அரை லீற்றர் தண்ணிக்கும் உள்ள தொடர்பைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அது ஜெர்மன்காரன் செய்தது. கூரை திறக்கும். இரண்டே இரண்டு இருக்கை. எனக்கும் அதற்கும் ஒரே வயது, இருபத்தாறு. பெயர்போன ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்கிற கொம்பனிதான், ஆனால் அவர்களுடைய பெரிய காரை வாங்க வசதியில்லாதவன் வாங்குகிற கார் என்று இதைக் கனகாலம் நக்கலடித்தார்கள். அந்த நக்கல்தான் எனக்கு உதவியது. விலை விழுந்து விழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற ஒரு பழைய குடும்பக் காரின் விலைக்கு வந்து நின்றது. இப்போதுதான் ஆட்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இனி இப்படி ஒன்றை ஒருவரும் செய்யப்போவதில்லை, இன்னும் கொஞ்சக் காலத்தில் இது கிளாசிக் ஆகிவிடும் என்கிறார்கள். நோர்வேயில் கண்ணில் படுகிற காரெல்லாம் சத்தமில்லாத மின்சாரக் காராக மாறிவிட்ட காலத்தில், சாவியைத் திருப்பினால் முதுகுக்குப் பின்னால் உறுமுகிற ஒன்று எனக்கு வேண்டுமாக இருந்தது. திராம்மன் நகரத்தில் ஓய்வுபெற்ற ஒரு பல் வைத்தியரிடம் வாங்கினேன். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரைகூடத் தவறவில்லை.

முதுகுக்குப் பின்னால் என்றது சும்மா இல்லை. இந்தக் காரில் எஞ்சின் முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், காரின் நடுவில் இருக்கிறது. பாரம் நடுவில் நிற்பதால் வளைவுகளில் கார் அப்படியே நிலத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பும். முன்பக்கம் திறந்தாலும் சாமான் வைக்கிற பெட்டி, பின்பக்கம் திறந்தாலும் சாமான் வைக்கிற பெட்டி. எஞ்சினைப் பார்ப்பதென்றால் கூரையைப் பாதி மடக்கி, கம்பளத்தைக் கழற்றி, அதன் கீழுள்ள மூடியையும் கழற்றவேண்டும். சொந்தக்காரனே வருசக்கணக்காய் அதைக் கண்ணால் காணாமல் ஓடலாம். பின்பெட்டியின் ஓரத்தில் இரண்டு சின்ன மூடிகள் மட்டும் வெளியே தெரியும். ஒன்று எண்ணெய்க்கு. மற்றது எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணிக்கு.

இந்த வகைக் கார்களுக்கு ஒரு பயமும் உண்டு. எஞ்சினின் நடு வயிற்றில், சுழலும் தண்டொன்றைத் தாங்கிக்கொண்டு ஒரு பெயாரிங் இருக்கிறது. சில கார்களில் அது சொல்லாமல் கொள்ளாமல் உடைந்துபோகும். உடைந்தால் எஞ்சின் முழுவதும் போச்சு. வேறு எஞ்சின் போடுவது காரை வாங்கியதைவிடக் கூடச் செலவு, ஆகவே காரும் போச்சு. இதையெல்லாம் நான் மாதக்கணக்காய் வாசித்து வைத்திருந்தேன். வாசிப்பதில் நான் கெட்டிக்காரன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்பு. ஒஸ்லோவில் பஸ் ஓடுகிறார். மன்னாரில் பிறந்த அம்மா எட்டாம் வகுப்பில் இருக்கும்போது இடம்பெயர்ந்தவர், பிறகு பள்ளிக்கூடப் பக்கம் போக வாய்க்கவில்லை. இங்கே வந்து முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. அந்த இரண்டு சம்பளத்தில்தான் நான் எஞ்சினியர் ஆனேன். கார் எஞ்சினியர் இல்லை. நகரத்து மழைத்தண்ணி எந்த வழியால் வடியவேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. தண்ணி எங்கே போகும் என்று சொல்வதுதான் என் தொழில். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

காரை ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற ரொம்மனில், எங்கள் தொடர்மாடிக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியபோது அப்பா அதை ஒருதரம் சுற்றி நடந்தார். "அம்பது பேரை ஏத்திற ஆளின்ர மோன், ரெண்டு பேரை ஏத்திறதுக்குக் கார் வாங்கியிருக்கிறான்," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

அம்மா மட்டும் கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்து பார்த்தார். "ரெண்டு சீட் எண்டால் மற்றது எனக்குத்தானே?" என்றார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒஸ்லோவில் கடல் இருக்கிறது, ஆனால் குளம் மாதிரி. அலை அடிக்காது. "இதென்ன கடல், கோப்பை கழுவின தண்ணி மாதிரி அசையாமக் கிடக்குது," என்று அம்மா எப்போதும் சொல்வார். மேற்குக் கரைக்குப் போனால் பெருங்கடல் அலையோடு இருக்கிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்து வந்து சொன்ன நாளிலிருந்து, வேலை கிடைத்தவுடன் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். வேலை கிடைத்து இரண்டு வருசம் ஓடிவிட்டது. அந்த ஞாயிறு பூசை முடிந்தகையோடு புறப்படுவதென்று முடிவாகியிருந்தது. அம்மா ஒரு கிழமை முழுக்க லீவு எடுத்திருந்தார். நோர்வேக்கு வந்து இத்தனை வருசத்தில் அவர் உறவுக்காரர் வீட்டுக்கு இல்லாமல், சும்மா பார்ப்பதற்கென்று எடுத்த முதல் லீவு.

புறப்பட முன் காரை மந்திரிக்கவேண்டும் என்றார் அம்மா. எங்கள் கத்தோலிக்க ஆட்கள் மத்தியில் இது வழக்கம். புதுக் கார் வாங்கினால் பூசை முடியக் கோயில் முற்றத்தில் நிறுத்தி, நாலு கதவும் முன்மூடியும் திறந்து வைப்பார்கள். பூசை வைத்த சுவாமி வந்து செபம் சொல்லி, சில்லுக்கும் இருக்கைக்கும் எஞ்சினுக்கும் தீர்த்தம் தெளிப்பார். பிறகு கண்ணாடியில் செபமாலை ஏறும். அம்மா இன்னும் ஒரு படி மேலே. அவரிடம் மன்னாரிலுள்ள மடு மாதா கோயிலில் இருந்து ஆரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு போத்தல் தீர்த்தமும், கடுதாசியில் மடித்த மடு மண்ணும் இருந்தன. மடு மண் விசக்கடிக்குக் காவல் என்று எங்கள் சனம் வைத்திருப்பது. ரொம்மனில் ஐந்தாம் மாடிக்கு எந்தப் பாம்பு ஏறி வரப்போகிறது என்று நான் பகிடி பண்ணுவதுண்டு. அம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சரி, சுவாமி வந்தார். நான் வழக்கப்படி முன்மூடியைத் திறந்தேன். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் அம்மா வழிக்கென்று பொரித்துக் கட்டிய றோல்ஸ் நிறைந்த சாப்பாட்டுப் பெட்டி இருந்தது.

"எடேய், எஞ்சினைக் களவெடுத்துப் போட்டு றோல்ஸை வைச்சிட்டாங்களடா!" என்று என் சித்தப்பா கத்தினார். சித்தப்பா ஏழு பேர் ஏறுகிற பெரிய மின்சாரக் கார் வைத்திருக்கிறார். என் கார் வந்த நாளிலிருந்து அவருக்குச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. முற்றம் முழுக்கச் சிரித்தது. சுவாமியும் சிரித்தார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தச் சந்தர்ப்பத்துக்குத்தானே நான் காத்திருந்தேன். பின்பெட்டியைத் திறந்துவிட்டு ஒரு சொற்பொழிவே நடத்தினேன். எஞ்சின் நடுவில் இருக்கிறது, பாரம் இப்படிப் பிரிகிறது, ஒருவரும் அதைக் கண்ணால் காண முடியாது என்றெல்லாம் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். கடைசியில் அங்கே தெரிந்த ஒரு மூடியில் தட்டி, "எஞ்சினுக்குள்ள போறதுக்கு இருக்கிற ஒரே வாசல் இதுதான்," என்றேன். அழகான வசனம் என்று அப்போது நினைத்தேன்.

சுவாமி தீர்த்தத்தைப் பெட்டிக்குள் நாலு துளி தெளித்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போனார். என்னைச் சில பெடியள் படம் எடுக்க முன்பக்கம் கூப்பிட்டார்கள். நான் போனேன். கூரையைத் திறந்து, கையை ஸ்டியரிங்கில் வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, எல்லா விதமாகவும் நின்றேன்.

இரண்டு மணியளவில் புறப்பட ஆயத்தமானோம். அம்மா பக்கத்து இருக்கையில் ஏறி, தலைக்குத் துணி கட்டிக்கொண்டார். இந்தக் காரில் சாவி போடுகிற இடம் இடப்பக்கம். நான் இடது கையால் சாவியைப் போட்டேன். திருப்பவில்லை. அந்த நேரம் அம்மா பெரிய நிம்மதியோடு சொன்னார்:

"இனிப் பயமில்லைத் தம்பி. எஞ்சினுக்கும் விட்டிட்டன்."

"என்னத்தை விட்டனீங்கள்?"

"மடுத் தீர்த்தம். சுவாமி தெளிச்சது வெளியாலதானே. உள்ளுக்குப் போகேல்லை எல்லோ. அதுதான் நீ காட்டின வாசலைத் திறந்து ஊத்தினனான்."

சாவியிலிருந்து என் கை தானாக விலகியது. இறங்கிப் பின்னால் ஓடினேன். மனதுக்குள் ஒரு நப்பாசை. இரண்டு மூடியில் தண்ணி மூடியைத் திறந்திருந்தால் ஒன்றும் இல்லை, தண்ணியோடு தண்ணி. அம்மாவும் பின்னால் வந்தார். எந்த மூடி என்று கேட்டேன். அவர் தயங்காமல் எண்ணெய் மூடியில் விரலை வைத்தார். பக்கத்தில் மாதா படம் போட்ட அந்தப் போத்தல் வெறுமையாகக் கிடந்தது. அரை லீற்றர்.

எஞ்சின் எண்ணெயில் தண்ணி கலந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் பால் மாதிரி வெளுத்து, வழுக்கும் தன்மை போய், இரும்போடு இரும்பு உரசும். அதை நினைத்தவுடன் எனக்கு மண்டைக்குள் ஏதோ ஏறிவிட்டது. அப்போதுதான் அந்த வசனம் வந்தது.

"நாலு எழுத்துப் படிச்சிருந்தால் இப்பிடி ஒரு விசர் வேலை பாத்திருப்பீங்களோ அம்மா?"

கத்தித்தான் சொன்னேன். முற்றத்தில் கதை நின்றது. தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற மாமிமார் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி நிலத்தைப் பார்த்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அம்மா கோபிக்கவில்லை. "தெரியாமச் செய்திட்டன் தம்பி," என்று மட்டும் சொன்னார். தலையில் கட்டிய துணியை அவிழ்த்து மடித்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு சித்தப்பாவின் காரை நோக்கி நடந்தார். சித்தப்பா என்னிடம் வந்து, "எடேய், கார் இரும்படா," என்றார். அவ்வளவுதான். வழமையாக ஒரு பகிடி இல்லாமல் அவருக்கு வசனம் முடியாது.

காருக்குள் ஏற முன் அம்மா திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "மழை வரும் போல கிடக்கு. கூரையை மூடு," என்றார்.

அவர்கள் போனபிறகு, அரை மணித்தியாலத்தில் முற்றம் வெறிச்சோடிவிட்டது. நான் மட்டும். ஆடி மாதம் நோர்வே முழுக்க லீவு, அதிலும் ஞாயிறு. கார் திருத்துகிற கராச் ஒன்றும் திறந்திருக்காது. வீதி உதவிக்குப் போன் அடித்துவிட்டு, ஓடாத காருக்குள் இருந்தேன். முதலில் காரை நினைத்துத்தான் கவலைப்பட்டேன், அதை மறைக்கவில்லை. மழை உண்மையாகவே தூறத் தொடங்கியது. துணிக்கூரையில் விழும் ஒவ்வொரு துளிக்கும் அம்மா கடைசியாகச் சொன்னது கேட்டது. அதன்பிறகுதான் கார் மெல்ல மெல்ல மனதிலிருந்து இறங்கி, அம்மாவிடம் சொன்ன அந்த வசனம் ஏறியது.

இழுவை லொறியை ஓட்டி வந்தது ஒரு நோர்வேப் பெண். என் வயதுதான் இருக்கும். கை முழுக்கக் கிறீஸ். என்ன நடந்தது என்று கேட்டாள். எண்ணெய்க்குள் தண்ணி என்றேன். எப்படிப் போனது என்று கேட்டாள். மந்திரித்த தண்ணி, அம்மா ஊற்றினார் என்று நொர்ஸ்க் மொழியில் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் ஒரு நிமிசம் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணினாயா?" என்றாள். இல்லை என்றேன். "அப்படியென்றால் ஏன் செத்த வீட்டு முகத்தோடு இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் கொழுக்கியை மாட்டத் தொடங்கினாள்.

அவளுக்கு இந்தக் கார் தெரிந்திருந்தது. பதினாறு வயதில் படிப்பைப் போதும் என்று விட்டுவிட்டுக் கராச்சுக்குப் போனவளாம். இந்த மாதிரிக் கார் இரண்டுக்கு எஞ்சின் வேலை செய்திருக்கிறாளாம். "எல்லாரும் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். இனி அழுவார்கள்," என்றாள். லொறியைக் கொண்டுபோய் எங்காவது பூட்டிய கராச் வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். அதுதான் அவளுடைய வேலை. அவளோ, குரோருட் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைப் பக்கம் தான் வேலை செய்யும் கராச்சுக்குக் கொண்டுபோய், சொந்தத் திறப்பால் கதவைத் திறந்தாள். இன்றைக்கு இனி அழைப்பு வந்தால் போகவேண்டியிருக்கும், வராவிட்டால் பார்த்துத் தருகிறேன் என்றாள்.

காரை மேலே தூக்கி, கீழே வாளியை வைத்துவிட்டு, எண்ணெய் வடிக்கிற ஆணியில் திருகுசாவியைப் போட்டவள் நின்றாள்.

"தண்ணி மட்டும்தானே? தண்ணியென்றால் எண்ணெய்க்குக் கீழே போய்ப் படிந்திருக்கும், வடித்துவிடலாம். மண், மணல் ஏதாவது போயிருந்தால் எஞ்சினைப் பிரிக்காமல் முடியாது."

மடு மண். கடுதாசியில் மடித்த மண். தீர்த்தத்தை ஊற்றிய அம்மா மண்ணை விட்டிருப்பாரா? எங்கள் வீட்டில் தீர்த்தமும் மண்ணும் எப்போதும் சோடியாகத்தான் வரும்.

அம்மாவுக்குப் போன் அடிக்கவேண்டும். அந்த வசனத்துக்குப் பிறகு, மன்னிப்புக் கேட்க இல்லை, அதே விசயத்தில் இன்னொரு கேள்வி கேட்க. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கராச்சின் வாசலுக்கும் சுவருக்குமாக இரண்டு முறை நடந்தேன். அவள் சாவியை ஆணியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அம்மா, தீர்த்தத்தோட மண்ணும் போட்டனீங்களோ?"

அம்மா சொன்னார்:

"எனக்கென்ன விசரே? மண்ணைப் போட்டால் எஞ்சின் அரைஞ்சு போயிடுமெல்லோ. தண்ணி எண்டால் சூட்டில ஆவியாப் போயிடும் எண்டு நினைச்சனான். மண் உன்ர சீட்டுக்குக் கீழ கிடக்கு. எடுத்து எறிஞ்சு போடாத."

இருக்கையின் கீழே கையை விட்டேன். கடுதாசி மடிப்பு அப்படியே இருந்தது, நூலால் சுற்றிக் கட்டியபடி.

அந்தக் கடுதாசியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிமிசத்தில் வந்த நிம்மதியை எழுத எனக்குத் தெரியவில்லை. அழுகைக்குப் பக்கத்தில் வந்த ஒரு சிரிப்பு. அதோடு வேறொன்றும் விளங்கியது. அம்மா யோசிக்காமல் ஊற்றவில்லை. மண் ஏன் கூடாது, தண்ணி ஏன் பரவாயில்லை என்று கணக்குப் பார்த்துத்தான் ஊற்றியிருக்கிறார். பார்த்த கணக்கில் ஒரு விசயம்தான் குறைவு. அந்த மூடி எண்ணெய்க்கு என்பது. அதைச் சொல்லியிருக்கவேண்டியவன் நான். வாசல் என்று வசனம் பேசினேனே தவிர, எதற்கு வாசல் என்று சொல்லவில்லை.

ஆணியைக் கழற்றினாள். முதலில் வந்தது தண்ணி. தெளிந்த, சுத்தமான தண்ணி. எவ்வளவு ஊற்றினாரோ ஏறக்குறைய அவ்வளவும் ஒரு நூலாய் இறங்கி முடிந்து, பிறகுதான் கறுப்பாய் எண்ணெய் வந்தது. "உன் அம்மாவின் தண்ணி திரும்பி வந்துவிட்டது," என்றாள் அவள். நகரத்துத் தண்ணி வடிகிற வழியெல்லாம் வரைகிற நான், அரை லீற்றர் தண்ணி கீழே போய்த் தங்கியிருக்கும் என்பதை யோசிக்காமல் அம்மா மேல் பாய்ந்திருந்தேன்.

எண்ணெய் மாற்றுகிற கையோடு வடிகட்டியையும் மாற்றவேண்டும். பழையதைக் கழற்றி எறியப் போனவள், வழக்கமாகச் செய்கிறதாம், அதன் கடுதாசியை வெட்டி மேசையில் விரித்துப் பார்த்தாள். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தாள். ஒரு காந்தத்தை எடுத்து அதன்மேல் மெதுவாக இழுத்தாள். காந்தத்தின் நுனியில் ஜரிகைத் தூள் மாதிரி மினுமினுவென்று ஒட்டியது.

தண்ணியால் வந்ததோ என்று கேட்டேன். இல்லை, தண்ணி போனபிறகு எஞ்சின் ஓடவேயில்லையே என்றாள். இது முந்தியே இருந்தது. நடுவிலே இருக்கிற அந்தப் பெயாரிங் உடையத் தொடங்கியிருக்கிறது. இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அதனால் மாற்றிவிடலாம். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இன்றைக்கு எங்கே போகவிருந்தாய்?" என்று கேட்டாள். மலையைத் தாண்டி மேற்குக் கரைக்கு, அம்மாவோடு என்றேன். அவள் காந்தத்தைத் துடைத்தபடி, சிலவேளை போய் வந்திருப்பாய், சிலவேளை ஏதாவது ஒரு நீண்ட சுரங்கப் பாதையின் நடுவில் நின்றிருப்பாய், இதற்கு ஒருவரும் உறுதி சொல்ல முடியாது என்றாள்.

நான் அங்கே கிடந்த ஒரு டயரின்மேல் இருந்துவிட்டேன்.

அதன்பிறகு முன்பெட்டியைத் திறந்து சாப்பாட்டை எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவின் ஆட்டிறைச்சி றோல்ஸ் மூன்றை அந்தப் பெண் நின்ற நிலையில் சாப்பிட்டாள். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய மூன்றாவதையும் விடவில்லை. "இதை எஞ்சினுக்குள் போடாதே," என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றார். லீவுக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்துச் சோடி வாசலில் பெட்டியோடு கிடந்தது. திரும்பிப் பார்த்து முதலில் கேட்டது, "கார் தப்பிச்சுதோ?"

தப்பிச்சுது என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜரிகைத் தூளைப் பற்றிச் சொன்னபோது சிலுவை அடையாளம் போட்டார், ஆனால் பார்த்தியோ என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மன்னிப்பு என்ற சொல்லை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. "அம்மா, நான் அங்க சொன்னது..." என்று தொடங்கினேன்.

"றோல்ஸ் சாப்பிட்டியோ?"

"அந்தப் பிள்ளை மூண்டு சாப்பிட்டது."

"உறைக்கேல்லையாமோ?" முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "படிச்சிருந்தால் செய்திருக்க மாட்டன்தான். நீ சொன்னதில பிழையில்லை. ஆனால் சனத்துக்கு முன்னால சொன்னாய் பார்."

அன்று எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதினால் அது வழமையான வசனம். உண்மையில் நன்றாகத்தான் படுத்தேன், கார் தப்பிய நிம்மதியில். காலையில் எழும்பியபோதுதான் அம்மா சொன்னது நெஞ்சில் நின்றது. சனத்துக்கு முன்னால் சொன்னதைக் குசினிக்குள் திருப்பி எடுக்க முடியாது.

அடுத்த மாதத் தமிழ்ப் பூசைக்குக் காரிலேயே போனோம். கியர் பெட்டியை இறக்கி, புதுப் பெயாரிங் போட்டுத் தந்திருந்தாள் அந்தப் பெண். முற்றத்தில் அதே தேத்தண்ணி, அதே மாமிமார். என் கையில் ஒரு ஜாம் போத்தல், அதற்குள் வெட்டிய வடிகட்டியும் அந்த மினுமினுப்பும். ஆயிரம் பேருக்கு முன்னால் என் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் பேசுவேன், அந்த முப்பது பேருக்கு முன்னால் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். ஆனாலும் சொன்னேன். போன மாதம் இதே இடத்தில் அம்மாவைப் பார்த்து நான் ஒன்று சொன்னேன், எல்லாரும் கேட்டீர்கள். மூடியைக் காட்டியது நான். அது எதற்கென்று சொல்லாமல் விட்டதும் நான். அம்மா ஊற்றியதால்தான் இதைக் கண்டுபிடித்தோம். ஊற்றாவிட்டால் இரண்டு பேரும் மலையில் நின்றிருப்போம். நான் சொன்னது பிழை.

"காணும், காணும். தேத்தண்ணி ஆறுது," என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். காது இரண்டும் சிவந்திருந்தது. ஆனால் ஜாம் போத்தலை என்னிடமிருந்து வாங்கி, ஒவ்வொரு மாமியாகக் காட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

சித்தப்பா பின்னால் நின்று, "அப்ப அண்ணி, என்ர காருக்கும் ஒரு போத்தல் விடுங்கோவன்," என்றார்.

"உங்கட காரில எண்ணெயே இல்லைச் சித்தப்பா," என்றேன். "பற்றறிக்கு விட்டால் நீங்கள் நேரா மோட்சம்தான்."

முற்றம் திரும்பவும் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான், ஒரு மாதமாக நான் மூச்சை முழுதாக விடவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அம்மா லீவை மாற்றி எடுத்திருந்தார், அன்றைக்கே புறப்பட்டோம். மலையைத் தாண்டி, இறங்கி, அடுத்த நாள் மத்தியானம் ஒரு படகுத் துறையில் வரிசையில் நின்றோம். அங்கேயே காற்றில் உப்பு மணத்தது. கூரையைத் திறந்திருந்தேன். பக்கத்து வாகனத்திலிருந்து ஒரு நோர்வேத் தம்பதி இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்கள். எஞ்சின் எங்கே என்று கேட்டார்கள்.

நான் வாயைத் திறக்க முன் அம்மா இறங்கிவிட்டார். முதியோர் இல்லத்தில் பழகிய தன் நொர்ஸ்க்கில், எஞ்சின் நடுவில் இருக்கிறது, பார்க்க முடியாது என்று சொல்லி, பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு மூடியில் விரலை வைத்தார். இது எண்ணெய்க்கு. மற்றதில் வைத்தார். இது தண்ணிக்கு. "மாறி ஊத்தக் கூடாது. மண் போடவே கூடாது," என்றார். அந்த மனுசன் மண் ஏன் என்று விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அது உண்மையாகவே அலை அடித்துக்கொண்டிருந்தது.

நான் பிரசங்கம் பண்ணியும் சொல்லாமல் விட்டதை அம்மா இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார். இப்போதும் ஒருவருக்கு ஒன்று விளங்கவில்லை என்று எனக்குக் கோபம் வரும்போதெல்லாம், நான் அவருக்கு எந்த மூடியைக் காட்டினேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்று முதலில் என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அநேகமாகக் கோபம் அதோடு இறங்கிவிடுகிறது.